கண் மட்டம்

"கண் மட்டத்துல வைங்கக்கா,
மாசம் அறுநூறு கம்பெனி தரும்."
ஜெயபிரதாப், சோப்புக் கம்பெனி ஆள்,
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்,
ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு.
யாருடைய கண் என்று கேட்டேன்.
சிரித்தான்.
சிரிப்பதற்காக நான் கேட்கவில்லை.
யோசிங்க என்று ஒரு மஞ்சள் விளம்பர அட்டையைத்
தட்டில் சாய்த்துவிட்டுப் போனான்.

பர்கூர் கூட்டுரோட்டில் என் கடை.
ஷூ கம்பெனி பஸ் காலை ஐந்து நாற்பதுக்கு.
நான்கு நிமிடம் நிற்கும்.
அதற்குள் முப்பது பெண்கள்:
பிஸ்கட், ஹேர்பின், தலைவலி மாத்திரை,
வாய்திறந்து கேட்குமுன்
கருப்புக் கவரில் சுற்றித் தரவேண்டிய ஒன்று.
அவர்கள் பார்வை என் மூன்றாம் தட்டில் நிற்கிறது.
சாக்கட்டியால் அங்கே கோடு போட்டிருக்கிறேன்,
மேலுக்குத் தெரியாமல், கட்டையின் ஓரத்தில்.
இரண்டாம் தட்டுக் கோடு பலராம் சாஹூவுக்கு.
கிரானைட் பட்டறை, ஒடிசாக்காரர்,
கடுகெண்ணெயைப் பார்த்த அன்று
ஊர்க்காரர்கள் பதினொரு பேரைக் கூட்டிவந்தார்.
இடுப்புக்குக் கீழே இன்னொரு கோடு,
இரண்டே முக்கால் அடி:
ஜெல்லி மிட்டாய் பாட்டில்.
பிள்ளை அழும், அம்மா அடிப்பாள்,
அடித்த கையாலேயே காசு எடுப்பாள்.
அந்த அழுகையிலும் எனக்கு ஒரு ரூபாய் நிற்கிறது.
எந்தப் பக்கத்தில் எழுதுவது?

ஆடியில் எதிரே ஏசி கடை வந்தது.
பலூன் வளைவு. ஆயிரத்துக்கு வாங்கினால்
ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ சர்க்கரை.
முதல் நாளே போனேன், வேடிக்கை பார்ப்பவள் மாதிரி.
பாலைக் கடைசி மூலையில் வைத்திருக்கிறார்கள்.
பாலுக்கு வந்தவள்
பாத்திரம், பாய், பாதாம் எல்லாம் தாண்டவேண்டும்.
பிரகாரம் சுற்றவிட்டுத்தான் மூலவர்.
கெட்டிக்காரர்கள்.
உப்பு மட்டும் வாங்கினேன்.
பில்லுக்கு போன் நம்பர் கேட்டார்கள்,
கடைசி எண்ணை மாற்றிச் சொன்னேன்.

மாங்கூழ் லோடு இறக்கிவிட்டு மாதேசன் வந்தபோது
இரவு பன்னிரண்டு.
விலையில் அவனோடு மல்லுக்கட்டக் கூடாது என்றேன்.
சர்க்கரையில் அவன் தோற்பான்;
தோற்பதற்கென்றே அவனுக்கு சென்னையில் பணம் இருக்கிறது.
நமக்கு இருப்பது ஐந்து நாற்பது.
அவன் ஷட்டர் திறப்பது ஒன்பதரைக்கு.
நமக்குப் பிரிக்கத் தெரியும்:
ஒற்றை முட்டை, அரை மூடித் தேங்காய்,
இருபது ரூபாய்க்குத் துவரம்பருப்பு,
பேளே என்று கேட்டாலும்
கந்திபப்பு என்று கேட்டாலும் அதே டப்பா.
ஷூ கம்பெனிக்கு ஏழாம் தேதி சம்பளம் என்று
நம் நோட்டுக்குத் தெரியும், அவன் கம்ப்யூட்டருக்கு...
மாதேசன் தூங்கியிருந்தான்.

எல்லாம் நான் போட்ட கணக்கில் நடக்கவில்லை.
ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள்
தூசி படிந்து திரும்பிப் போயின.
நோட்டில் ஆயிரத்து நானூறோடு
கனகவல்லி ஒரகடம் வேலைக்குப் போய்விட்டாள்,
போனும் அணைந்திருக்கிறது.
அதை அடிக்க மனம் வரவில்லை;
சுற்றி வட்டம் மட்டும் போட்டேன்.

நேற்று இரவு பத்துக்கு
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து ஒரு பெண்.
நீலச் சீருடை, நெஞ்சில் எதிர்க்கடைப் பெயர்.
ஷாம்பு, சின்ன பாக்கெட், ஒன்று.
"எங்க கடையில பாட்டில்தான்க்கா."
பேர் தில்ஷாத். சம்பளம் பத்தாம் தேதி.
எழுதிக்கொண்டேன்.
திரும்பும்போது தட்டுகளை ஒருமுறை பார்த்தாள்.
அந்தப் பார்வை நின்ற இடத்தில்
என் சரக்கு எதுவும் இல்லை,
ஜெயபிரதாப்பின் மஞ்சள் அட்டை மட்டும்.

மணி ஐந்து இருபது.
அட்டையை எடுத்துவிட்டேன்.
சாக்கட்டி எங்கே வைத்தேன்?